மூன்று முப்பத்தைந்து கீழ்பென்னாத்தூர் வண்டி

ஐம்பத்தைந்து வயதில், பாதி துவைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு, செங்கம் ரோட்டில் ஒரு டவுன் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினாள் ஜோதியம்மாள். இடது கையில் புடவைக் கொசுவம். வலது கையில், நாலே நாலு மாத்திரை மிச்சமிருந்த ஒரு அட்டை.

"நிறுத்துங்க! ஏங்க, நிறுத்துங்க!"

ஆசிரமத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரி ஒருத்தி எழுந்து தானும் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். பஸ் நிற்கவில்லை. பின் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் குல்லா தெரிந்தது. தம்பி பலராமனின் கூட்டாளி கவுஸ் பாஷா. அவன் பக்கத்தில் தம்பியைக் காணோம். பலராமன் எந்தக் காலத்தில் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான்? முன்னால், டிரைவருக்கு இடப்பக்கம், கண்ணாடியில் மூக்கு முட்டுகிற ஒற்றை சீட்டில்தான் இருப்பான். பஸ் வளைந்து, மலையைச் சுற்றிப் போகும் பாதையில் நுழைந்து மறைந்தது.

"கோயிலுக்குப் போயிட்டு வரேங்கா" என்று சொல்லிவிட்டுப் போனவன். அவனுடைய நேற்றைய சட்டையைத் தண்ணீரில் முக்கியபோதுதான் பையில் அட்டை கைக்குத் தட்டுப்பட்டது. நெஞ்சு வலித்தால் உடனே நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரை. குளிக்கப் போனாலும் இது கூட இருக்க வேண்டும் என்று வேலூர் டாக்டர் மூன்று தடவை சொல்லியிருந்தார். நாளைக் காலை பலராமனை வேலூரில் சேர்க்க வேண்டும். புதன்கிழமை ஆபரேஷன்.

பலராமனுக்கு நாற்பத்தேழு வயது. பெரிய தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. போளூரில் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் காபி கொண்டுவந்து நின்ற நேரத்தில், வாசலில் போன பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டு, "இது பத்தே காலு வண்டியாச்சே, இருவது நிமிஷம் லேட்டு" என்று எழுந்துபோய்ப் பார்த்தவன் அவன். பெண் வீட்டார் அதோடு பேச்சை விட்டுவிட்டார்கள். அவன் ஒன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஜோதியம்மாள்தான் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. புருஷன் போன பிறகு அவளும் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா வேலை, தம்பிக்குச் சமையல், இப்படியே பதினாறு வருஷம் ஓடிவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு பலராமனும் கவுஸ் பாஷாவும் காலையில் கிளம்பி, எந்த ஊரிலும் எந்த வேலையும் இல்லாமல், பஸ் மாற்றி பஸ் ஏறிச் சாயந்திரம் வந்து சேர்வார்கள். பஸ்ஸுக்கு சீட் தைப்பது பாஷாவின் தொழில். அவனாவது தான் தைத்ததைப் பார்க்கப் போகிறான், இவனுக்கு என்ன என்று அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

நேற்று ராத்திரி சோற்றில் ரசம் ஊற்றும்போது அவன் மெதுவாகக் கேட்டான்: "நாளைக்கு நானும் பாஷாவும் ஒரு சுத்து போயிட்டு வந்துடட்டா?"

"கொன்னுடுவேன்" என்றாள்.

அவன் மேலே ஒன்றும் பேசவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஜோதியம்மாள் வீட்டுக்குத் திரும்பி அவன் மேஜையைக் கலைத்தாள். காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில், தபால்காரர்களுக்கே உரிய கட்டெழுத்தில், வரிசையாக எழுதியிருந்தான். 8.10 ஆசிரமம், அடி அண்ணாமலை வழி. 9.05 பஸ் ஸ்டாண்டு, வேட்டவலம். அப்புறம் கீழ்பென்னாத்தூர், அவலூர்பேட்டை என்று போய், கடைசியாக: 3.35 கீழ்பென்னாத்தூர் – திருவண்ணாமலை, புது வண்டி. அதன் கீழே இரண்டு கோடு.

மலையைச் சுற்றிப் போகிறவன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துசேர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். நேர் வழியில் போனால் இருபது நிமிஷம். அவள் ஈரப் புடவையைக்கூட மாற்றவில்லை. மணிபர்சையும் தாளையும் எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

நேர் வழி அன்றைக்கு நேராக இல்லை. தேரடியில் ஒரு கல்யாண ஊர்வலம். பேண்டு வாத்தியக்காரர்கள் பஸ்ஸுக்கு முன்னால் நின்று ஆடுகிறவர்களுக்காக வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஜோதியம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி, "கொஞ்சம் வழி வுடுங்கப்பா, அவசரம்" என்று கத்தினாள். "எங்களுக்கும் அவசரந்தான், முகூர்த்தம்" என்றான் ஆடியவர்களில் ஒருவன். அவள் பஸ் ஸ்டாண்டில் குதித்தபோது மணி ஒன்பது பன்னிரண்டு.

டைம் கீப்பர் அறையில் அப்பாதுரை என்பவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தம்பி பேரைச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"பலராமன் அக்காவா? இன்னாம்மா, சொல்லக்கூடாதா? எங்களுக்கே அவருதாம்மா டைம் சொல்றாரு. வேட்டவலம் வண்டி இப்பத்தான் எடுத்தான். ஏழு நிமிஷம் ஆவுது."

அவள் அட்டையைக் காட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். அப்பாதுரையின் முகம் மாறியது. மறு நிமிஷம் வெளியே பாய்ந்து, வாசலில் திரும்பிக்கொண்டிருந்த விழுப்புரம் எக்ஸ்பிரஸ்ஸின் முகத்தில் அடித்தாற்போலப் போய் நின்றார்.

"நிறுத்து! இந்த அம்மாவ ஏத்திக்கோ. வேட்டவலத்துல எறக்கி வுடு. வழியில நம்ம டவுன் வண்டி போவுது பாரு, அத்த முந்தணும்."

"முந்தறதுக்கு நீங்க சொல்லணுமா சார்?" என்றார் டிரைவர்.

ஜோதியம்மாள் வாழ்நாளில் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் அப்படிப் போனதில்லை. இடப்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் கம்பியை விடவே இல்லை. புளியமரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அறுப்பு முடிந்த வயல்களில் வைக்கோல் போர்கள். கண்டக்டர் உட்பட முதல் நாலு வரிசைக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "அதோ, அதோ, பச்ச வண்டி" என்று ஒரு மீன்காரம்மா எழுந்து கையை நீட்டினாள். டிரைவர் ஹாரனை அழுத்தினார். டவுன் பஸ் ஒதுங்கி வழிவிட்டது. இரண்டு வண்டியும் ஒரு கணம் தோளோடு தோள் உரசுவதுபோல ஓடின. டவுன் பஸ் டிரைவரைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஒற்றை சீட்டில், தம்பியின் முகம்.

"பலராமா!"

அவன் திரும்பினான். கண் விரிந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அட்டையை ஆட்டினாள். "மாத்திர! மாத்திர!" காற்று அந்தச் சொல்லை அப்படியே பின்னால் கொண்டுபோய்விட்டது. எக்ஸ்பிரஸ் முந்திவிட்டது. மீன்காரம்மா கை தட்டினாள். ஜோதியம்மாளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தால் மட்டுமில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. தம்பி கண்ணை விரித்ததை நினைத்து அவளுக்குச் சிரிப்பு முட்டியது.

வேட்டவலத்தில் இறங்கி, டவுன் பஸ் வருகிற திசையைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கால் மணி நேரத்தில் பச்சை வண்டி வந்தது. ஒற்றை சீட்டில் ஒரு வாழைத்தார் உட்கார்ந்திருந்தது.

"அவங்களா?" என்றான் கண்டக்டர். "நடுவுல கூட்ரோட்டுலயே எறங்கிட்டாங்களே. எங்க அக்கா கைய ஓங்கிக்கினு முன்னாடி போவுது, மாட்டுனா வூட்டுக்கு இழுத்துக்கினு போயிடும்னு சொல்லிட்டு ஓடனாரு. கூட வந்த பாய் வேணாம் வேணாம்னாரு. கேட்டாத்தான!"

ஓடினானா? ஓடினானா அவன்?

அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. தாளை எடுத்து விரித்தாள். கூட்ரோட்டில் இறங்கியவன் எந்தப் பக்கம் போனான் என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் 3.35-க்கு அவன் கீழ்பென்னாத்தூரில் இருப்பான். இரண்டு கோடு போட்டதை பலராமன் விடமாட்டான். இனிமேல் பின்னால் ஓடுவதில் பிரயோஜனமில்லை, முன்னால் போய் நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். அந்தக் கண்டக்டரிடமே கேட்டு, கீழ்பென்னாத்தூர் போகும் வண்டியில் ஏறினாள். முன்பக்க ஒற்றை சீட்டு காலியாக இருந்தது. சிறிது தயங்கிவிட்டு அதிலேயே உட்கார்ந்தாள்.

ரோடு அவள் மடிக்குள் வந்து புகுந்தது. எதிரே வந்த மாட்டு வண்டி, சைக்கிள், மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றிய டிராக்டர் எல்லாம் அவளை இடித்துவிடுவதுபோல வந்து, கடைசி நொடியில் விலகின. ஒவ்வொரு தடவையும் காலைத் தரையில் ஊன்றிப் பிரேக் போட்டாள். டிரைவர் பார்த்துச் சிரித்தார். ஒரு திருப்பத்தில் மலை தெரிந்தது. வீட்டு வாசலிலிருந்து தினமும் பார்க்கிற அதே மலை, இங்கிருந்து வேறு ஏதோ ஊர் மலைபோல ஒல்லியாக, நீல நிறமாக நின்றது. பார்த்துக்கொண்டே வந்தாள். இதைத்தான் மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வருகிறானா?

கீழ்பென்னாத்தூரில் இறங்கும்போது பன்னிரண்டு ஆகவில்லை. ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டாள். பிறகு உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம். ஒவ்வொரு பஸ் வரும்போதும் எழுந்து நின்றாள். இந்நேரம் எங்காவது வலி வந்திருந்தால்? பாஷா ஒருத்தனாக என்ன செய்வான்? கைக்குள்ளேயே வைத்திருந்ததில் அட்டை வேர்த்துச் சூடாகிவிட்டது. இரண்டு மணிக்கு வந்த வண்டியிலும் இல்லை. இரண்டே முக்காலுக்கு வந்ததிலும் இல்லை.

மூன்று ஐந்துக்கு அவலூர்பேட்டை வண்டியிலிருந்து இறங்கினார்கள். முதலில் பாஷா, பின்னால் பலராமன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தலைமுடியெல்லாம் செம்மண். கையில் ஒரு இளநீர்.

அவளைப் பார்த்ததும் பலராமன் படியிலேயே நின்றுவிட்டான்.

"நான் அப்பவே சொன்னேன்கா" என்றான் பாஷா, கும்பிடுகிறவனைப்போலக் கையைக் குவித்து. "அக்கா பேஜார் பண்ண வரலடா, ஏதோ விசயம்னு சொன்னேன். கேக்கவே இல்ல."

அவள் கையை ஓங்கினாள். பலராமன் குனிந்து, ஓங்கிய கைக்கு அடியிலேயே வந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்தான்.

"எப்டிக்கா புடிச்ச?"

"பேசாத."

"இல்ல, சொல்லு. எப்டிப் புடிச்ச? எக்ஸ்பிரஸ்ல ஏத்தி வுட்டது அப்பாதுரதான? வேட்டவலத்துலேர்ந்து எதுல வந்த? பத்தரை வண்டியா? அய்யோ, அது நல்ல வண்டியாச்சே. எங்க ஒக்காந்த?"

"முன்னாடி" என்றாள் அவள், தன்னையறியாமல்.

"முன்னாடியா!" அவன் பாஷாவின் தோளில் அடித்தான். "பாஷா, கேட்டியா? அக்கா முன்னாடி ஒக்காந்து வந்திருக்குதுடா!"

அட்டையை அவன் சட்டைப் பையில் திணித்தாள். திணித்த கையை அங்கேயே ஒரு கணம் வைத்திருந்தாள். நெஞ்சு துடிப்பது தெரிந்தது.

"வலிச்சுதா?"

"இல்ல."

பாஷா வேறு பக்கம் பார்த்தான். அவள் அதைக் கவனித்தாள்.

"காலையில ஒரு தபா லேசா" என்றான் பலராமன். "அப்புறம் இல்ல. சத்தியமா இல்ல."

"ஏண்டா இப்டிப் பண்ற? நாளைக்கு ஆஸ்பத்திரி. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வூட்ல இருக்கக்கூடாதா?"

அவன் இளநீரை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. நீட்டியபடியே நின்றான்.

"திரும்பி வந்தா ஆறு மாசம் பஸ்ஸு ஏறக் கூடாதுன்றாங்க. திரும்பி வந்தாத்தான அதுவும்?" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். "அதுக்குள்ள ஒரு தபா எல்லாத்தயும் பாத்துட்டு வந்துடலாம்னு. அவ்ளோதான்கா."

அவள் இளநீரை வாங்கிக் குடித்தாள். மூன்று பேரும் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். பிறகு பலராமன் தலையை ஒருக்களித்துக் காதைத் தீட்டினான். "வருது" என்றான். ரோட்டில் எதுவும் தெரியவில்லை. "டர்போ இன்ஜின். கேக்குதா? வருது."

புது வண்டி வந்து நின்றது. நேற்று முன்தினம்தான் ஓட ஆரம்பித்த தனியார் வண்டி. கண்ணாடியில் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. முன்னால் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்கியது. உள்ளே பெயின்ட் வாசனை. சீட்டெல்லாம் பச்சை ரெக்சின். பாஷா ஏறியதும் ஒவ்வொரு சீட்டையும் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே போனான். "நாப்பத்தெட்டு சீட்டுக்கா. பதினோரு நாள்ல முடிச்சேன். பஞ்சு கம்மி பண்ணச் சொன்னாங்க, நான் பண்ணல."

டிரைவர் வேடியப்பன் பலராமனைப் பார்த்ததும், "வாண்ணே, உனக்குத்தான் முன்சீட்ட வெச்சிருக்கேன்" என்றார்.

"எனக்கு இல்ல. எங்க அக்காவுக்கு" என்றான் பலராமன்.

அவள் ஒற்றை சீட்டில் உட்கார்ந்தாள். பலராமனும் பாஷாவும் நேர் பின்னால் உள்ள சீட்டில். வண்டி நிறைந்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்குப் போகிற ஒரு குடும்பம் பூ, பழம், புடவை வைத்த தாம்பாளங்களை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வரிசையை அடைத்திருந்தது. "நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள போயிடுவோமா தம்பி?" என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் கண்டக்டர் இளவரசனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "அஞ்சு நிமிஷம் முன்னாடியே எறக்கி வுடறேன் பெரியவரே" என்றான் அவன். ஓர் அம்மாள் ஆட்டுக்குட்டியைக் கால்களுக்கிடையில் நிறுத்திப் பிடித்திருந்தாள்.

வண்டி கிளம்பியதும் பலராமன் முன்னால் குனிந்து அக்காவின் காதருகில் பேச ஆரம்பித்தான். "இப்ப ரெண்டாவது கியரு. பாரு, பாரு, மூணு. குலுங்குச்சா? குலுங்கல பாத்தியா. வேடியப்பன் கை அப்டி. மேட்டுல ஏறும்போது கேளு, ஒரு ராகம் மாதிரி வரும்." அவள் கேட்டாள். உண்மையிலேயே மேட்டில் ஏறும்போது வண்டியின் சத்தம் கனத்து, உச்சியில் ஒரு நொடி தயங்கி, இறக்கத்தில் லேசாகிப் பரவியது. அவள் தலையை ஆட்டினாள். "கேட்டுச்சா?" "கேட்டுச்சுடா." "எனக்கு ஆறு வயசுல கேட்டுச்சு" என்று சிரித்தான். சாயங்கால வெயில் நேர் எதிரே, கண்ணாடி முழுக்க. வெயிலுக்குள் மலை. அவள் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டாள். வேலூர், டாக்டர், புதன்கிழமை எல்லாம் அந்தச் சமயம் அவள் நினைவில் இல்லை. சின்னப் பிள்ளைபோல, எதிரே வருவதையெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தாள்.

சோமாசிபாடி தாண்டியது. பின்னாலிருந்து பேச்சு வரவில்லை. அவனும் பார்த்துக்கொண்டு வருகிறான் என்று நினைத்தாள்.

"அக்கா" என்றான் பாஷா.

திரும்பினாள். பலராமனின் முகத்தில் தண்ணீர் ஊற்றினதுபோல வேர்வை. வலது கை இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லக்கா."

அவள் அவன் பையிலிருந்து அட்டையை இழுத்து, ஒன்றைப் பிய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் வைத்தாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அவன் கண்ணைத் திறந்தான். "சரியா பூடும்" என்றான். பிறகு டிரைவரின் முதுகைப் பார்த்து, "வேடியப்பா, வண்டி நல்லா போவுது" என்றான். தலை பாஷாவின் தோளில் சாய்ந்தது.

"பாய், இன்னா ஆச்சு?" வேடியப்பன் கண்ணாடியில் பார்த்துவிட்டார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. வண்டி பாய்ந்தது.

"இளவரசா! எங்கயும் நிறுத்தல. நேரா பெரியாஸ்பத்திரி. யாராவது எறங்கணும்னா இப்பவே சொல்லச் சொல்லு."

இளவரசன் பின்னால் திரும்பி நின்றான். விசில் வாயிலேயே இருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த நிறுத்தம் வந்தது. மரத்தடியில் நின்றவர்கள் கை நீட்டினார்கள். கையை நீட்டியபடியே பின்னால் போனார்கள். அதற்கடுத்த நிறுத்தத்தில் வேட்டி கட்டிய நாலைந்து பேர் மாலையோடு ரோட்டோரம் காத்து நின்றார்கள். நிச்சயதார்த்தக் குடும்பத்தை வரவேற்க வந்தவர்கள். பஸ் நிற்காமல் போவதைப் பார்த்து அவர்கள் ஓடிவந்தார்கள். இளவரசன் பெரியவரைப் பார்த்தான்.

"போவட்டும்பா" என்றார் பெரியவர். "நிறுத்தாத. போவட்டும்."

ஆட்டுக்குட்டிக்காரி தன் தண்ணீர்ச் செம்பை முன்னால் அனுப்பினாள். அது கை மாறிக் கை மாறி வந்தது. ஜோதியம்மாள் முந்தானையை நனைத்துத் தம்பியின் முகத்தைத் துடைத்தாள். "பலராமா, டேய், இங்க பாரு. ஊரு வந்துடுச்சு. இதோ வந்துடுச்சு."

ஊருக்கு வெளியே ரயில்வே கேட் மூடியிருந்தது.

பஸ் நிற்பதற்கு முன்பே இளவரசன் குதித்து ஓடினான். கேட்காரரிடம் கையை ஆட்டி என்னவோ சொன்னான். அவர் பஸ்ஸைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார், தலையை அசைத்தார். ரயில் வந்துகொண்டிருக்கிறது, திறக்க முடியாது. இளவரசன் ரோட்டில் நின்ற லாரியையும் ஜீப்பையும் ஓரங்கட்டி, கேட்டுக்கு நேராக பஸ்ஸுக்கு வழி பண்ணினான். அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. பாஷாவின் உதடு மட்டும் அசைந்தது.

ஜோதியம்மாள் தம்பியின் கையைத் தன் இரு கைக்குள்ளும் வைத்திருந்தாள். அந்தக் கை அவள் விரலைப் பிடித்திருந்தது. ரயிலின் கூவல் தூரத்தில் கேட்டபோது பிடித்திருந்தது. ரயில் வந்து, நாலு பெட்டியோ ஐந்து பெட்டியோ தடதடவென்று கடந்தபோது, பிடித்திருக்கவில்லை.

அவள் பாஷாவைப் பார்த்தாள். பாஷா அவளைப் பார்த்தான். அவன் தோளில் இருந்த தலையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான்.

கேட் திறந்தது. "இதோ போயிடலாம்மா, மூணே நிமிஷம்" என்று வேடியப்பன் திரும்பிப் பார்க்காமல் கத்தினார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வண்டி வேகம் குறைந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. குறையக் கூடாது. சைக்கிள்களும் ஆட்டோக்களும் சிதறி விலக, பூக்கடைக்காரர்கள் எழுந்து நிற்க, அந்தப் புது வண்டி ஊருக்குள் நுழைந்த வேகத்தில் எந்த வண்டியும் அதற்கு முன்னால் நுழைந்திருக்காது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் தம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரே ரோட்டைப் பார்த்தாள். மேடு வந்தது. வேடியப்பன் கியர் மாற்றினார். குலுங்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலுக்குள் பஸ்ஸையே விட்டார். இளவரசனும் பாஷாவும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தது. கதவு மூடியது. பத்து நிமிஷம் கழித்துத் திறந்தது. சின்ன வயது டாக்டர், கழுத்தில் இருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டே, "வர்ற வழியிலேயே..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் சார்" என்றாள் ஜோதியம்மாள்.

பாஷா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். குல்லாவைக் கழற்றி முகத்தில் பொத்திக்கொண்டான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். பிறகு உள்ளே போய்ப் பார்த்தாள். முடியில் செம்மண் இன்னும் போகாமல் இருந்தது. அதைத் தட்டிவிட்டாள். நர்ஸ் ஏதோ தாளில் பெயர், வயது கேட்டாள். சொன்னாள். என்ன வேலை என்றாள். தபால் ஆபீஸ் என்றாள். கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார்கள்.

வராந்தாவைக் கடந்து வாசல் பக்கம் வந்தாள். காற்று வேண்டியிருந்தது. மணி ஐந்தாகப் போகிறது. பஸ் எப்போதோ போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள்.

போகவில்லை. ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே, வேப்பமரத்துக்கு அடியில் ஒதுங்கி நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள். ஒருவரும் இறங்கிப் போயிருக்கவில்லை. பெரியவரின் குடும்பம் தாம்பாளங்களை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தது. வேடியப்பன் படிக்கட்டுக்குக் கீழே, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எல்லாருமாகச் சேர்ந்து அவளைப் பார்த்தார்கள்.

இல்லை என்று தலையை ஒரு தடவை அசைத்தாள்.

வண்டிக்குள் முதலில் பெரியவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் ஆட்டுக்குட்டிக்காரி, அப்புறம் நடு சீட்டில் இருந்தவர்கள், அப்புறம் பின்னால் இருந்தவர்கள். நிற்க இடமில்லாமல் சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில், உயரமானவர்கள் கூரைக்குத் தலை குனிந்துகொண்டு, எல்லாரும் எழுந்து நின்றார்கள்.